டயாலிசிஸ் நோயாளிகளின் தமனிச் சுண்ணமேற்றமும் இருதய அபாயமும்

எலும்பிலும் பல்லிலும் தங்கவேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு, இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவர்களிலும் இருதயத்தின் வால்வுகளிலும் படிந்து, இயல்பாகவே இளக்கமும் மீள்தன்மையும் உடைய அவற்றைக் கெட்டியாக்கிவிடுவதே தமனிச் சுண்ணமேற்றம் எனப்படும். முதுமையிலும் நீரிழிவிலும் ஓரளவு காணப்படுகிற இந்த மாறுதல், சிறுநீரகங்கள் அறவே செயலிழந்து, டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பினால் உயிர்வாழ்பவர்களிடத்தில் பல பத்தாண்டுகள் முன்னதாகவே தோன்றி மிகத் துரிதமாக விருத்தியடைகிறது. சிறுநீரக நோய்க்காகச் சிகிச்சை பெறும் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுநீரகக் கோளாற்றினால் நேராக இறப்பதில்லை. அவர்களுடைய மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதி வரை இருதயத்தையும் இரத்தக்குழாய்களையும் சார்ந்தவையாக இருக்கின்றன. சுண்ணமேற்றம் என்பது வெறும் உப்புப் படிவன்று, உயிருள்ள திசு தன் இயல்பு திரிந்து எலும்பாக மாற முயலும் ஒரு செயல் என்பதும், ஆகையால் அதைத் தோன்றிய பின் கரைப்பதைவிடத் தோன்றுமுன் தடுப்பதே சாத்தியம் என்பதும் இத்துறையின் ஆராய்ச்சிகள் உணர்த்தும் முக்கிய முடிபுகள்.

வரலாறு

ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ப் விர்க்கோ, எலும்பிலிருந்து வெளியேறிய சுண்ணாம்புச் சத்து வேறு உறுப்புக்களில் சென்று படியக்கூடும் என்பதை 1855இல் விவரித்தார். 1903இல் யோஹான் ஜார்ஜ் மோன்கெபெர்க் என்பவர், தமனிச் சுவரின் நடு அடுக்கில் மட்டும் சுண்ணாம்பு படியும் ஒரு தனி வகையை எடுத்துக்காட்டினார். அவ்வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எனினும், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் சில வாரங்களுக்குள் இறந்துவந்த அக்காலத்தில், பல ஆண்டுகள் நீடித்து வளரும் இவ்வியாதியை அவர்களிடத்தில் காண வாய்ப்பே இருக்கவில்லை.

அந்த வாய்ப்பை உண்டாக்கியது செயற்கைச் சிறுநீரகமே. ஜெர்மானியரின் ஆதிக்கத்தில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரத்தில், 1943இல், வில்லெம் கோல்ப் என்னும் இளம் வைத்தியர் செல்லோபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி நடைமுறைக்கேற்ற முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்கினார். 1945இல் முதன்முதலாக ஒரு நோயாளி அதனால் பிழைத்தெழுந்தார். ஆனால், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் புதிதாக வெட்டித் திறக்கவேண்டியிருந்தமையால், தற்காலிகமாகச் செயலிழந்த சிறுநீரகங்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தி வைக்கத்தக்க டெப்லான் குழாயை அமைத்து, நாட்பட்ட நோயாளிகளுக்கும் வாழ்வளித்தார். அச்சிகிச்சையைப் பெற்ற முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் பதினோரு ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, 1971இல் மாரடைப்பினால் இறந்தார். சிறுநீரகமின்றியும் மனிதன் பல்லாண்டு வாழக்கூடும் என்பதற்கும், அவ்வாறு வாழ்பவனை இருதயம் கைவிடக்கூடும் என்பதற்கும் அவர் ஒருவரே முதற் சான்றானார்.

1974இல் லிண்ட்னரும் ஸ்கிரிப்னர் முதலிய அவருடைய சகாக்களும், சியாட்டிலில் நீண்டகாலம் டயாலிசிஸ் பெற்ற 39 நோயாளிகளின் சரித்திரத்தை ஆராய்ந்து, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டதையும், தமனித் தடிப்பு அவர்களிடத்தில் விரைவுபட்டு நிகழ்வதையும் வெளியிட்டனர். 1998இல் போலி, பார்ப்ரே, சார்னாக் ஆகிய மூவரும் தொகுத்த கணக்கின்படி, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இருதய மரணம் பொதுமக்களைவிடப் 10 முதல் 20 மடங்கு அதிகம்; 25 முதல் 34 வயதுக்குட்பட்ட டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்குள்ள அபாயம், பொதுமக்களில் 75 வயதைக் கடந்த முதியவருக்குள்ள அபாயத்துக்கு நிகரானது. அதற்கான காரணங்களுள் ஒன்றைக் கண்முன் காட்டியது 2000ஆம் ஆண்டில் குட்மன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி. சிறு வயதிலேயே சிறுநீரகம் பழுதுற்றவர்களின் இருதயத் தமனிகளை மின்னணுக் கற்றை சி.டி. ஸ்கேனால் அவர்கள் பரிசோதித்தபோது, 20 வயதுக்குக் குறைந்த 23 பேரில் ஒருவருக்கும் சுண்ணமேற்றம் காணப்படவில்லை. 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு அது காணப்பட்டது. வாழ்வின் இளம் பருவத்தில், ஒரு பத்தாண்டு இடைவெளியில், இருதயத் தமனிகள் முதியவரின் தமனிகளாக மாறிவிடுகின்றன என்பதைவிடக் கவலை தரும் செய்தி இத்துறையில் வேறில்லை.

இருவகைப் படிவுகள்

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உள்ளடுக்கு, தசை உயிரணுக்களும் மீள்நார்களும் செறிந்த நடு அடுக்கு, இணைப்புத் திசுவாலான வெளியடுக்கு என்பன அவை. உள்ளடுக்கில் படியும் சுண்ணாம்பு, கொலஸ்டிராலும் அழற்சியும் சேர்ந்து உண்டாக்கும் கொழுப்புத் திட்டுக்களை ஒட்டி வளர்கிறது. தமனியின் உட்புறம் குறுகுவதற்கும், திட்டு வெடித்து இரத்தம் உறைந்து அடைப்பு நேர்வதற்கும் இது துணையாகிறது. நடு அடுக்கில் படிவது, கொழுப்புத் திட்டு இல்லாத இடத்திலும் மீள்நார்களை ஒட்டி வளையம் வளையமாகச் சூழ்ந்துகொள்கிறது. இரத்தத்தின் பாதையை இது அடைப்பதில்லை, தமனியின் இளக்கத்தையே அழித்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடத்தில் இவ்விரண்டும் கலந்தே காணப்படினும், மற்றவர்களைவிட மிகுதியாக அவர்களுக்கு உண்டாவது இரண்டாவது வகை. பிரான்ஸ் தேசத்தில் ஜெரார் லண்டன் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளடுக்குப் படிவு உள்ளவர்கள் மிக விரைவில் இறந்தனர்; நடு அடுக்குப் படிவு மட்டும் உள்ளவர்கள் அவர்களைவிட நீண்ட காலமும், படிவே இல்லாதவர்களைவிடக் குறைந்த காலமும் வாழ்ந்தனர். அடைப்பு இல்லையாதலால் அபாயமும் இல்லை என்று நடு அடுக்குப் படிவைப் புறக்கணிக்கும் பழைய வழக்கம் அதன்பின் ஒழிந்தது.

படிவு உண்டாகும் விதம்

கால்சியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தில் மிகுந்தால், உவர்நீர் வற்றிய இடத்தில் உப்புப் பூப்பது போன்ற வெறும் ரசாயனக் கிரியையாகவே அவை தமனியில் படிகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியவை 1990களின் இறுதியிலும் 2000ஆம் ஆண்டையொட்டியும் நிகழ்ந்த ஆராய்ச்சிகள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசிலியா ஜியாக்கெல்லியின் குழுவினர், மனிதத் தமனியின் தசை உயிரணுக்களைப் பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தனர். சோடியத்தோடு சேர்ந்து பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் ஒரு புரதத்தின் வழியாகப் பாஸ்பேட் உட்புகுந்ததும், அவ்வுயிரணுக்கள் தசைக்குரிய புரதங்களைக் கைவிட்டு எலும்புக்குரிய புரதங்களை உற்பத்தி செய்யத் தொடங்கின. எலும்பு உயிரணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாத ரங்க்ஸ்-2 என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் தமனியிலேயே தலைதூக்கியது. இவ்வாறு தன்மை திரிந்த உயிரணுக்களிலிருந்தும் மடியும் உயிரணுக்களிலிருந்தும் வெளிப்படும் நுண்ணிய பைகள், ஹைட்ராக்சி அபடைட் என்னும் எலும்புப் படிகம் உருவாவதற்கு முதல் இருப்பிடங்களாகின்றன. தமனி சும்மா கிடந்து உப்பைத் தாங்கிக்கொள்வதில்லை. தானே முன்னின்று எலும்பை உருவாக்குகிறது.

இதற்கு எதிராகச் சரீரம் பல காவல்களை வைத்திருக்கிறது. ஈரலில் உற்பத்தியாகும் பெட்டுயின்-ஏ என்னும் புரதம், இரத்தத்தில் மிதக்கும் கால்சியம்-பாஸ்பேட் துகள்களைச் சூழ்ந்து அவை படிகமாகாதபடி அடக்கிவைக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடத்தில் இதன் அளவு குறையும்போது மரண விகிதம் அதிகரிப்பதாக 2003இல் கெட்டெலர் முதலியோர் எடுத்துக்காட்டினர். தமனிச் சுவரிலேயே சுரக்கும் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம் மற்றொரு காவல். அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளின் தமனிகள் சுண்ணமேறி, அவை இரண்டு மாதங்களுக்குள் பெருந்தமனி வெடித்து இறந்தன என்பது 1997இல் வெளியாயிற்று. இப்புரதம் வேலை செய்வதற்கு வைட்டமின் கே அவசியம். ஆகவே, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கப்படும் வார்பரின் என்னும் மருந்து, வைட்டமின் கே-யைத் தடுப்பதன் மூலம் இக்காவலையும் பலவீனப்படுத்திவிடக்கூடும். பைரோபாஸ்பேட்டும் மக்னீசியமும் இதே திசையில் உதவுகின்றன. சிறுநீரகத்தில் மிகுதியாகக் காணப்படும் குளோத்தோ என்னும் புரதம் இல்லாத எலிகள், பிறந்து சில வாரங்களிலேயே தமனிச் சுண்ணமேற்றமும் எலும்புத் தேய்வும் முதுமைக் குறிகளும் கொள்வதை ஜப்பானிய விஞ்ஞானி மகோட்டோ குரோ-ஓ 1997இல் கண்டறிந்தார். சிறுநீரகம் பழுதுபடும்போது முதலில் குறைவனவற்றுள் குளோத்தோவும் ஒன்று. ஆதலால் டயாலிசிஸ் நோயாளியிடத்தில் படிவைத் தூண்டுவன பெருகி, தடுப்பன குன்றி, இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

எலும்பின் நிலையும் இதிற் சேர்கிறது. பாஸ்பேட் பெருகும்போது பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரந்து எலும்பை அரித்துக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இரத்தத்தில் விடுகின்றன. அச்சுரப்பிகளை மருந்தால் அளவு கடந்து அடக்கினாலோ, எலும்பு செயலற்றுப்போய், வந்துசேரும் கால்சியத்தை ஏற்றுக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. இரண்டு நிலையிலும் எலும்பு ஏற்காத தாதுக்கள் தமனியை நாடுகின்றன. எலும்பு மெலியும் உடம்பிலேயே தமனி எலும்பாகும் விபரீதத்தின் காரணம் இதுவே.

பாஸ்பேட்டின் வரவும் செலவும்

ஆரோக்கியமான மனிதனின் இரத்தத்தில் பாஸ்பேட் ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உணவில் சுமார் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறதென்று கொள்வோம். அதில் 60 சதவீதம் குடலால் கிரகிக்கப்பட்டாலும் வாரத்துக்கு 4,200 மில்லிகிராம் உடம்பில் சேர்கிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நீக்குவது 800 முதல் 1,000 மில்லிகிராம் வரை. வாரம் மூன்று தடவையானால் 3,000 மில்லிகிராமுக்கு மேற்படுவதில்லை. எஞ்சிய ஆயிரத்துச் சொச்சம் வாரந்தோறும் உடம்பிலேயே தங்குகிறது. யூரியாவை எளிதில் வெளியேற்றும் இயந்திரம் பாஸ்பேட்டை அவ்வாறு வெளியேற்ற முடியாதது ஏனெனில், உடம்பின் பாஸ்பரஸில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே இரத்தத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் எலும்பிலும் உயிரணுக்களுக்குள்ளும் இருந்துகொண்டு, மெதுவாகவே இரத்தத்துக்கு வருகிறது. முதல் ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தின் பாஸ்பேட் வீழ்ந்தபின், இயந்திரம் எடுப்பதற்குக் கிடைப்பது குறைந்துபோகிறது. இந்தியாவில் பல நோயாளிகள் பணவசதியின்மையாலும் மருத்துவமனையின் தூரத்தாலும் வாரத்துக்கு இருமுறை மட்டுமே டயாலிசிஸ் செய்துகொள்கின்றனர்; அவர்களுள் சிறுநீர் சிறிதும் கழியாதவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடியது.

இருதயத்துக்கு நேரும் தீங்கு

இருதயம் விட்டுவிட்டுத்தான் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆயினும் உறுப்புக்களுக்கு இரத்தம் இடையறாது பாய்கிறது. சுருதிப்பெட்டியின் துருத்தியை ஒருவர் விட்டுவிட்டு அசைத்தாலும், காற்றைத் தேக்கிவைத்து மெல்ல விடும் உள்துருத்தியினால் ஒலி அறாமல் நீடிப்பதுபோல, இருதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னிடம் தேக்கிக்கொண்டு, இருதயம் தளரும்போது சுருங்கி அதை முன்னே செலுத்துகிறது. சுண்ணமேறிய பெருந்தமனிக்கு இந்த ஆற்றல் இல்லை. ஆகையால் சுருக்க அழுத்தம் உயர்கிறது, தளர்வு அழுத்தம் தாழ்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அகன்றுவிடுகிறது. மேலும், துடிப்பின் அலை கெட்டித் தமனியில் வேகமாகச் சென்று, கிளைகளில் மோதித் திரும்பி, இருதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே அதை எதிர்கொள்கிறது. இந்த மிகைச்சுமையைத் தாங்குவதற்காக இடது கீழறையின் தசை தடிக்கிறது. டயாலிசிஸ் தொடங்கும் சமயத்திலேயே ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு இத்தடிப்பு இருப்பதாகக் கனடாவில் செய்த ஆய்வு காட்டியது. இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தம் பெரும்பாலும் தளர்வுக் காலத்திலேயே பாய்வதால், தளர்வு அழுத்தம் தாழ்ந்த நிலையில், தடித்துப் பெருத்து அதிக இரத்தத்தை வேண்டும் தசைக்குக் குறைந்த இரத்தமே கிடைக்கிறது. அடைப்பில்லாத தமனிகளோடும் நெஞ்சுவலி வருவதற்கு இது ஒரு காரணம்.

வால்வுகளில் படியும் சுண்ணாம்பு, குறிப்பாகப் பெருந்தமனி வால்வைச் சுருக்கி, மற்றவர்களிடத்தில் காண்பதைவிட விரைவாக அதன் வாயைக் குறுக்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து வடுவடைந்த இருதயத்தில், டயாலிசிஸினால் பொட்டாசியமும் நீரும் திடீரென ஏறி இறங்குவது, தாளக்கேட்டையும் திடீர் மரணத்தையும் வரவழைக்கக்கூடும். வாரம் மும்முறை டயாலிசிஸ் பெறுவோரிடத்தில், இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் வரும் நாளில் மரணங்கள் மிகுதியாக நேர்வதை 2011இல் போலி முதலியோர் அமெரிக்கப் புள்ளிவிவரங்களைக் கொண்டு நிறுவினர். காலின் தமனிகள் கெட்டியாவதால் பாதப் புண்கள் ஆறாமையும், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் பிஸ்டுலா அமைப்பதும் மாற்றுச் சிறுநீரகத்தைத் தமனியோடு இணைப்பதும் கடினமாவதும் இவ்வியாதியின் மற்ற விளைவுகள். சிலருக்குத் தோலின் சிறு தமனிகள் சுண்ணமேறி அடைபட்டு, தாங்கொணா வலியோடு கூடிய புண்கள் தோன்றும். கால்சிபைலாக்சிஸ் எனப்படும் இந்நிலை மிகவும் ஆபத்தானது.

கண்டறியும் முறைகள்

இருதயத் தமனிகளின் படிவை அளப்பதற்குச் சி.டி. ஸ்கேனே மிக நுட்பமான கருவி. 1990இல் ஆர்தர் அகட்ஸ்டன் முதலியோர் வகுத்த மதிப்பெண்ணே அதற்கு அளவுகோல். உள்ளடுக்குப் படிவையும் நடு அடுக்குப் படிவையும் இது பிரித்துக் காட்டாது. செலவு குறைந்த வழியாக, வயிற்றைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், இடுப்பு முதுகெலும்புகளுக்கு முன்னே பெருந்தமனியில் தெரியும் வெண்கோடுகளை 0 முதல் 24 வரை மதிப்பிடும் காப்பிலா முறை இருக்கிறது. எக்கோ பரிசோதனையால் வால்வுகளின் படிவை அறியலாம். துடிப்பலையின் வேகத்தை அளந்து தமனியின் கெட்டித்தன்மையை அறியலாம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனை, கெட்டியான தமனி பட்டையால் நசுங்காமையின் காரணமாகப் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டி, அடைப்பை மறைத்துவிடக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

தடுப்பும் சிகிச்சையும்

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவதே முதற்படி. உணவில் உள்ள பாஸ்பரஸ் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ளது பைட்டேட் வடிவில் இருப்பதால் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ கிரகிக்கப்படுகிறது. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது அதைவிட அதிகம் கிரகிக்கப்படுகிறது. பொட்டலத் தின்பண்டங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புக்களும் அமிலமும் ஏறத்தாழ முழுவதும் இரத்தத்தில் கலக்கின்றன. டயாலிசிஸில் புரதம் வீணாவதால் புரத உணவைக் கண்மூடித்தனமாகக் குறைப்பது உடம்பைக் கரைத்துவிடும். சேர்க்கைப் பாஸ்பேட்டை விலக்குவதும், நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடுவதுமே விவேகமான வழிகள்.

நோயாளிகள் பாஸ்பரஸ் மாத்திரை என்று சொல்லும் மருந்துகள், உணவோடு சேர்ந்தே குடலில் பாஸ்பேட்டைப் பிணைப்பவையாதலால், சாப்பாட்டோடு உட்கொண்டால்தான் பயன் தரும். முதலில் வழங்கிய அலுமினிய மருந்துகள் மூளையையும் எலும்பையும் கெடுப்பது 1970களில் தெரியவந்ததும், அவற்றின் இடத்தைக் கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் அசிடேட்டும் பிடித்தன. அவை மிகுந்தால் கால்சியமே சுமையாகிறது என்பது பின்னர் விளங்கிற்று. 2002இல் செர்ட்டோ முதலியோர் 200 நோயாளிகளிடத்தில் நடத்திய சோதனையில், கால்சியம் மருந்து உண்டவர்களுக்குப் படிவு வளர்ந்தது. கால்சியமற்ற செவலமர் உண்டவர்களுக்கு அவ்வளவு வளரவில்லை. ஆனால் 2007இல் வெளியான பெரிய சோதனையில், செவலமரால் மொத்த மரணங்கள் குறைந்ததாக நிரூபிக்கப்படவில்லை. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுக் குழு 2017இல், கால்சியம் கலந்த மருந்துகளின் அளவைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. டயாலிசிஸ் திரவத்தில் கால்சியம் லிட்டருக்கு 1.25 முதல் 1.5 மில்லிமோல் வரை இருப்பதே பொருத்தம் என்பதும், வைட்டமின் டி-யின் செயல்வடிவ மருந்துகளை அளவறிந்து கொடுக்கவேண்டும் என்பதும் இதே நோக்கத்தைச் சேர்ந்தவை. பாராதைராய்டு மிகைச் சுரப்பை அடக்கும் சினகால்செட் மருந்தை 3,883 நோயாளிகளிடத்தில் சோதித்த ஆய்வு, அதன் முதன்மைக் கணக்கில் மரணத்தையும் இருதய நோயையும் திட்டவட்டமாகக் குறைத்ததாகக் காட்டவில்லை என்று 2012இல் அறிவித்தது.

பொதுமக்களின் இருதயத்தைக் காக்கும் ஸ்டாட்டின் மருந்துகளும் இங்கே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஜெர்மனியில் நீரிழிவோடு டயாலிசிஸ் பெற்ற 1,255 பேரிடத்தில் 2005இல் முடிந்த சோதனையும், 2,776 பேரிடத்தில் 2009இல் முடிந்த சோதனையும், கொலஸ்டிரால் நன்கு குறைந்தும் இருதய மரணங்கள் போதியவாறு குறையவில்லை என்றே முடிந்தன. இவர்களுடைய இருதய நோய் கொழுப்புத் திட்டு மட்டும் உண்டாக்கும் நோயன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. படிகத்தின் மீது நேராக ஒட்டிக்கொண்டு அது வளராதபடி தடுக்கும் ஒரு மருந்து, தானியத் தவிட்டில் இயற்கையாக உள்ள பைட்டேட்டின் ஒரு வடிவம், டயாலிசிஸின்போது இரத்தத்தில் செலுத்தப்பட்டு 274 நோயாளிகளிடத்தில் சோதிக்கப்பட்டது. ஓராண்டில் இருதயத் தமனிப் படிவின் வளர்ச்சி குறைந்தது என்று 2020இல் வெளியாயிற்று. வளர்ச்சி குறைவதால் ஆயுள் நீள்கிறதா என்பது தனியே நிறுவப்படவேண்டிய விஷயம். டயாலிசிஸ் நேரத்தை நீட்டிப்பதும், இரவு முழுவதும் மெதுவாகச் செய்வதும் பாஸ்பேட்டை மிகுதியாக நீக்குகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல் படிவின் வேகத்தைத் தணித்து ஆயுளை நீட்டிக்கிறது. முன்பே படிந்ததை அது அழிப்பதில்லை.

இன்றைய நிலை

மேற்கூறிய சோதனைகள் யாவும் ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. எலும்பாகிவிட்ட தமனியை மீண்டும் தமனியாக்கும் மருந்து இன்று வைத்தியர் கையில் இல்லை. எலும்பாகும் வேகத்தைக் குறைக்கும் வழிகளோ பல உள்ளன. அவ்வழிகள் டயாலிசிஸ் அறையில் தொடங்குவது தாமதமே. பாஸ்பேட் சுமையும் குளோத்தோவின் குறைவும் சிறுநீரகம் பாதி பழுதுற்ற நாட்களிலேயே தமனியைத் திரித்துக்கொண்டிருப்பதால், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதித்துக்கொள்வதும், நோய் தெரிந்தவுடன் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அடக்கிச் சிறுநீரகத்தின் எஞ்சிய சக்தியைக் காப்பதும், இருதயத்தையே காப்பதாகும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டவர்களுக்கு, வாரம் மும்முறை முழு நேரச் சிகிச்சை கிடைப்பதும், பாஸ்பேட் மருந்து விலையின் காரணமாக இடையில் நின்றுபோகாதிருப்பதும், தகுதியுடையோர்க்கு மாற்றுச் சிறுநீரகம் காலந்தாழ்த்தாமல் அமைவதும் ஆடம்பரங்களாகக் கருதப்படலாகாது; முப்பது வயதுக்குள்ளேயே முதியவரின் தமனிகளைச் சுமக்கும் நோயாளிக்கு அவையே உயிர்க்காப்பு.